ஆம்ப்ளிஃபையரில் ஹம்: கெபாசிட்டரை மாற்றும் முன்

கட்டி முடித்த ஆம்ப்ளிஃபையர் பாட்டே போடாமல் உறுமினால் (இதுதான் ஹம்), பலரும் முதலில் கை வைப்பது சப்ளை மின்சாரத்தைச் சீராக்கும் ஃபில்டர் கெபாசிட்டரில்தான். 4700 மைக்ரோஃபாரடைக் கழற்றிவிட்டு 10000 போடுவார்கள். பெரும்பாலும் ஹம் அப்படியே இருக்கும். சில சமயம் கூடவும் செய்யும்.

ஹம் எந்த வழியாக நுழைகிறது என்று தெரியாமல் எதையும் கழற்றாதீர்கள். வால்யூமை முழுக்கக் குறையுங்கள். ஹம் மாறவில்லை என்றால் கோளாறு வால்யூம் கண்ட்ரோலுக்குப் பின்னால், அதாவது ஸ்பீக்கரை ஓட்டும் பவர் ஆம்ப்பிலோ சப்ளையிலோ இருக்கிறது. வால்யூமோடு ஏறி இறங்கினால் அதற்கு முன்னால். அடுத்து, நடு முனையையும் வெளி வளையத்தையும் ஷார்ட் செய்த ஒரு பிளக்கை இன்புட்டில் செருகுங்கள். சத்தம் நின்றால் பெட்டியில் குறையில்லை. கேபிளையும் பாட்டு வரும் கருவியையும் பாருங்கள். லேப்டாப் என்றால் சார்ஜரைப் பிடுங்கிப் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

காதும் துப்புச் சொல்லும். தாழ்ந்த, மழமழப்பான 50 ஹெர்ட்ஸ் உறுமல் என்றால் டிரான்ஸ்பார்மரின் காந்தப்புலமோ கிரவுண்ட் லூப்போ (கிரவுண்ட் எனும் பொதுவான பூஜ்ய வோல்ட் இணைப்பு இரண்டு பாதைகளில் வளையமாவது) காரணம். கரகரப்பான 100 ஹெர்ட்ஸ் என்றால் ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபையர் பக்கம். (60 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள இடங்களில் 60, 120.)

இனி கெபாசிட்டர் விஷயம். சர்க்யூட் ஒரு ஆம்பியர் இழுக்கும்போது 4700 மைக்ரோஃபாரடில் ரிப்பிள், அதாவது டிசியில் மிஞ்சும் ஏற்ற இறக்கம், சுமார் 2 வோல்ட் வரும். பாட்டு இல்லாதபோது டிடிஏ2030 போன்ற ஆம்ப்ளிஃபையர் ஐசி இழுப்பது சில பத்து மில்லி ஆம்பியர், ரிப்பிள் 0.1 வோல்ட் அளவுக்கு இறங்கிவிடும், அதிலும் பெரும்பகுதியை ஐசியே அடக்கிவிடும். ஆகவே சும்மா இருக்கும்போது கேட்கும் ஹம்முக்குக் கெபாசிட்டர் அளவு அநேகமாகக் காரணமல்ல.

பெரும்பாலான பெட்டிகளில் உண்மையான குற்றவாளி கிரவுண்ட் வயர் ஓடும் பாதை. பிரிட்ஜிலிருந்து (நாலு டயோடு சேர்ந்த ரெக்டிஃபையர்) கெபாசிட்டருக்கு மின்சாரம் சீராகப் போவதில்லை. ஒவ்வொரு அரைச் சுற்றிலும் கூர்மையான துடிப்பாகப் பாய்கிறது. 0.5 சதுர மில்லிமீட்டர் வயரில் 10 செ.மீ. நீளத்துக்கு மின்தடை சுமார் 3.4 மில்லி ஓம். ஒரு ஆம்பியர் துடிப்பு அதில் ஓடினால் 3.4 மில்லி வோல்ட். இன்புட் கிரவுண்டும் அதே வயரைப் பகிர்ந்துகொண்டால், 32 மடங்கு பெருக்கும் ஆம்ப்பில் அது ஸ்பீக்கரில் 0.1 வோல்ட்டாக வந்து நிற்கும். அமைதியான அறையில் நன்றாகவே கேட்கும். கெபாசிட்டரைப் பெரிதாக்கினால் இந்தத் துடிப்பு இன்னும் கூர்மையாகலாம்.

எனவே டிரான்ஸ்பார்மர் சென்டர் டேப்பையும் (சுருளின் நடுவிலிருந்து வரும் வயர்) பிரிட்ஜையும் நேராகக் கெபாசிட்டர் கால்களுக்கு மட்டும் கொண்டுபோங்கள். அங்கிருந்து குட்டையான, தடித்த ஒரு வயர், எல்லா கிரவுண்டும் வந்து சேரும் தனி ஸ்டார் புள்ளிக்கு வரட்டும். ஸ்பீக்கர் ரிட்டர்ன் தனி வயரில் அந்தப் புள்ளிக்கு வர வேண்டும். இன்புட் கிரவுண்ட், வால்யூம் கண்ட்ரோலின் கீழ்க்கால், ஃபீட்பேக் கிரவுண்ட் மூன்றும் ஒன்றுசேர்ந்து இன்னொரு வயரில் வரலாம். சென்டர் டேப்பையே ஸ்டார் புள்ளியாக்குவது அடிக்கடி நடக்கும் தவறு. துடிப்பு ஓடும் பாதைக்குள்ளேயே இன்புட் கிரவுண்டையும் கோத்துவிடுகிறீர்கள்.

இன்புட் ஜாக்கை இன்சுலேட்டிங் வாஷர் இல்லாமல் உலோகப் பெட்டியில் முடுக்கினால் கிரவுண்டுக்கு இரண்டாவது பாதை உருவாகிவிடும். வால்யூம் குமிழைத் தொட்டதும் ஹம் மாறினால் அந்த கண்ட்ரோலின் உலோக உடலுக்குக் கிரவுண்ட் கொடுங்கள்.

ஹம்மை நிறுத்த எர்த் வயரை வெட்டுவது மட்டும் கூடவே கூடாது. இன்சுலேஷன் போனால் பெட்டி முழுக்க மெயின்ஸ் ஏறும். தொட்டவர் உயிர் போகும். எர்த் நேராகப் பெட்டியில் போல்ட் போட்டு இருக்கட்டும். லூப்பை உடைக்க ஸ்டார் புள்ளிக்கும் பெட்டிக்கும் இடையில் 10 ஓம் ரெசிஸ்டர் போட்டு, அதற்கு இணையாக 35 ஆம்பியர் பிரிட்ஜ் ஒன்றை வையுங்கள்: ப்ளஸ், மைனஸ் கால்களை ஒன்றாக இணைத்துவிட்டு, ஏசி கால் ஒன்று ஸ்டாருக்கும் மற்றது பெட்டிக்கும். ஒரு ஆம்பியர் டயோடுகள் இங்கே ஆகாது. ஃபால்ட் வந்தால் எரிந்து பாதையைத் திறந்துவிடும்.

டிரான்ஸ்பார்மரைப் போல்ட் போடும் முன் கையால் பெட்டியைத் தொடாமல், மரக்கட்டையால் மெல்லத் திருப்பி, ஹம் குறையும் கோணத்தைக் கண்டுபிடியுங்கள். டொராய்டு (வளைய வடிவ டிரான்ஸ்பார்மர்) என்றால் நடு போல்ட்டின் இரு முனையும் உலோகப் பெட்டியைத் தொடக்கூடாது. தொட்டால் அது ஷார்ட்டான ஒரு சுற்றாகி, ஃபியூஸ் போகும்.

டிடிஏ2030 ஐசியின் உலோகத் தகடு மூன்றாம் காலோடு, அதாவது நெகடிவ் சப்ளையோடு, சேர்ந்தது. ப்ளஸ், மைனஸ் என்ற இரட்டை சப்ளையில், மின்சாரம் கடத்தாத மைக்கா ஷீட் இல்லாமல் ஹீட் சிங்க்கில் முடுக்கினால் நெகடிவ் நேராகப் பெட்டிக்கு ஷார்ட் ஆகிவிடும்.

எதைத் தொடுவதற்கு முன்பும் பிளக்கைப் பிடுங்கி, கெபாசிட்டரின் குறுக்கே 1 கிலோ ஓம், 2 வாட் ரெசிஸ்டரை அரை நிமிடம் பிடித்து, வோல்டேஜை மீட்டரில் பார்த்துவிடுங்கள்.