டூரிங் கார் சீசனைப் பார்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிடிசிசி என்று சுருக்கமாக அழைக்கப்படும் பிரிட்டிஷ் டூரிங் கார் சாம்பியன்ஷிப், அதாவது ஷோரூம் கார் போலத் தெரியும் கார்கள் ஓடும் ரேஸ் தொடர், 1958-ல் தொடங்கியது. ஃபார்முலா 1 பார்த்துப் பழகிய பலர் இதற்குள் வரும்போது அந்தக் கணக்கையே இங்கேயும் போட்டுப் பார்க்கிறார்கள். அதனால் இந்தத் தொடரின் ருசியே தெரியாமல் போய்விடுகிறது.

முதல் தவறு, யார் அதிக ரேஸ் ஜெயித்தார் என்று மட்டும் எண்ணுவது. ஓட்டுநர் ஜேசன் பிளேட்டோவுக்கு 97 வெற்றிகள். இந்தத் தொடரில் வேறு யாருக்கும் அவ்வளவு இல்லை. சீசன் முடிவில் கிடைக்கும் சாம்பியன் பட்டம் என்று பார்த்தால் 2001, 2010 என இரண்டுதான். வெற்றிக் கணக்கில் அவருக்குப் பின்னால் இருக்கும் காலின் டர்கிங்டனோ நான்கு முறை சாம்பியன். காரணம் புள்ளிக் கணக்கில் இருக்கிறது. முதலிடத்துக்கு 20 புள்ளி, பிறகு 17, 15, 13, 11, 10 என்று இறங்கி 15-வது இடத்துக்கும் 1 புள்ளி உண்டு. முழு சீசன் என்றால் 30 ரேஸ். ஜெயிக்க முடியாத நாளிலும் ஏழாவதாகவோ எட்டாவதாகவோ வந்து சேர்பவர்தான் கடைசியில் மேலே நிற்கிறார். எனவே கேமரா முன்னணிக் காரைக் காட்டும்போதும், பட்டத்துக்குப் போட்டியிடுபவர் நடுக்கூட்டத்தில் எங்கே இருக்கிறார் என்று தேடிப் பாருங்கள். நிஜமான சண்டை அங்கேதான் நடக்கும்.

அடுத்தது, ஒரே ஞாயிற்றுக்கிழமையில் நடக்கும் மூன்று ரேஸையும் தனித்தனியாகப் பார்ப்பது. மூன்றும் ஒன்றோடொன்று கோத்தவை. முதல் ரேஸை முடித்த வரிசையில்தான் இரண்டாவது ரேஸ் கிளம்பும். மூன்றாவதுக்குக் குலுக்கல் போட்டு, இரண்டாவது ரேஸில் முன்னால் வந்த சிலரின் வரிசையைத் தலைகீழாக்குவார்கள். ஆக, மூன்றாவது ரேஸில் முதலில் நிற்பவரை அன்றைய வேகமான ஓட்டுநர் என்று நினைத்துவிடக் கூடாது. காலையில் ஒரு இடி வாங்கினால் அதன் வலி சாயங்காலம் வரை இருக்கும்.

2019 சீசனின் கடைசி நாள் இதற்கு நல்ல உதாரணம். இடம் இங்கிலாந்தின் பிராண்ட்ஸ் ஹேட்ச் ரேஸ் தடம். பட்டத்துக்கான போட்டியில் டர்கிங்டன் பிஎம்டபிள்யூவில், டான் கேமிஷ் ஹோண்டா சிவிக்கில். இரண்டாவது ரேஸில் கேமிஷின் அணித்தோழர் மேட் நீலின் கார் பட்டு, டர்கிங்டன் சுழன்று பின்னால் போனார். கடைசி ரேஸை வெகு பின்னாலிருந்து தொடங்க வேண்டிய நிலை. பட்டம் கேமிஷுக்குத்தான் என்று பலரும் முடிவு கட்டிவிட்ட நேரத்தில், கடைசி லேப்புகளில் (சுற்றுகளில்) அவர் காரின் பிரேக் செயலிழந்தது. கார்களை ஒவ்வொன்றாகத் தாண்டி மேலே வந்திருந்த டர்கிங்டனுக்குப் பட்டம். சீசன் புள்ளிப் பட்டியலில் இரண்டாவது வந்த ஆண்ட்ரூ ஜோர்டனை விட அவருக்கு வெறும் 2 புள்ளிதான் அதிகம். வேகமான லேப்புக்கு ஒன்று, ஒரு லேப் முன்னணியில் ஓடினால் ஒன்று என்று போனஸ் உண்டு. ஒரு ரேஸில் இந்த இரண்டு போனஸையும் வாங்கினாலே அந்த 2 புள்ளி வந்துவிடும், அவ்வளவு சின்ன வித்தியாசம்! அதனால் கடைசிக் கொடி விழும் வரை எதையும் முடிந்ததாக நினைக்க வேண்டாம்.

சரி, போன வாரம் ஜெயித்தவர் இந்த வாரம் திணறினால் ‘ஃபார்ம் போய்விட்டது’ என்று சொல்வதும் தவறு. ஒருவரே ஓடிவிடாமல் இருக்க, முன்னணியில் இருப்பவர் காரில் கூடுதல் எடை ஏற்றும் வழக்கம் பல வருடங்கள் இருந்தது. 2022-ல் எடை போய் ஹைபிரிட் (இன்ஜினோடு கூடுதல் சக்தி தரும் மின்மோட்டார்) வந்தது. முன்னணியில் இருந்தவருக்கு அதைப் பயன்படுத்தும் நேரம் குறைக்கப்பட்டது. 2025-ல் ஹைபிரிட்டையும் எடுத்துவிட்டார்கள். எடையோடு ஐந்தாவது வந்தவரை எடை இல்லாமல் ஜெயித்தவருக்குக் கீழே வைப்பது நியாயமே இல்லை. எந்த சீசனைப் பார்க்கிறீர்களோ, அந்த வருட விதியை முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

காரின் பெயரை வைத்து முடிவு செய்வதும் அப்படித்தான். வெளியே ஷோரூம் கார் போல இருந்தாலும், உள்ளே கியர்பாக்ஸ் உட்படப் பல பாகங்கள் எல்லா அணிக்கும் பொது. எந்தச் சக்கரம் காரை இழுக்கிறது என்பதைப் பாருங்கள்: பின்சக்கர பிஎம்டபிள்யூ நின்ற இடத்திலிருந்து கிளம்புவதில் கெட்டி.

அப்புறம், ரேஸ் முடிந்த உடனே வரும் முடிவைப் பகிர்ந்துவிடாதீர்கள். இடித்துத் தள்ளியதற்கான தண்டனையும் காரைச் சோதித்த முடிவும் பிறகுதான் வரும். மேடையில் கோப்பை வாங்கியவர் கூடப் பட்டியலில் கீழே இறங்கலாம்.