மிக்ஸியில் கம்பு குத்திக் கம்மஞ்சோறு ஆக்குவது எப்படி? (தவிடு மாட்டுக்கு)

பாக்கெட் கம்பு மாவில் கூழ் காய்ச்சினால் கசக்கிறது என்று இரண்டு வருடம் கம்பையே ஒதுக்கி வைத்திருந்தேன். கசப்புக்குக் காரணம் கம்பு இல்லை, அரைத்து நாளாகிப்போன மாவு. கம்பில் நூற்றுக்கு 5 பங்கு அளவுக்குக் கொழுப்பு உண்டு. அரிசியில் அது 1 பங்குகூடத் தேறாது. அரைத்ததும் அந்த எண்ணெய் கெடத் தொடங்கிவிடும், சில நாளில் காறல் வாடை அடிக்கும். அதனால் முழுக் கம்பு வாங்கி, அன்றன்றைக்குக் குத்துங்கள்.

இரண்டு டம்ளர் கம்பைக் கல் பொறுக்கிப் புடைத்துக்கொள்ளுங்கள்.

1. தண்ணீர் தெளிப்பது. நான் சறுக்கிய இடம் இதுதான். முதல் தடவை தெளிக்காமலே மிக்ஸியில் போட்டேன். தோலும் மாவும் ஒன்றாகப் பொடிந்து, சோறு தொண்டையில் அறுத்தது. அடுத்த தடவை ஒரு மணி நேரம் ஊறப்போட்டேன், ஜாரில் களியாக அப்பிக்கொண்டது. சரியான அளவு மூன்று நான்கு மேசைக்கரண்டித் தண்ணீர். தெளித்து, கையால் பிசறி, கால் மணி நேரம் மூடி வையுங்கள். தோல் மட்டும் நனைந்து இளகும், உள்பருப்பு உலர்ந்தே இருக்கும். உள்ளங்கையில் ஈரம் தெரிய வேண்டும், பாத்திரத்தின் அடியில் தண்ணீர் நிற்கக் கூடாது.

2. குத்துவது. உரல் இருந்தால் உரல்தான். அதற்கு ஈடு எதுவும் இல்லை. மிக்ஸி என்றால் சின்ன ஜாரில் பாதி அளவு போட்டு, பல்ஸில் இரண்டு இரண்டு நொடியாக ஆறேழு முறை. தொடர்ந்து ஓட்டாதீர்கள்.

3. புடைப்பது. துணியில் பத்து நிமிடம் ஆறவிட்டு முறத்தில் புடையுங்கள். சல்லடையில் தோலும் நொய்யும் பிரியாது. மூங்கில் முறமே வாங்குங்கள். பிளாஸ்டிக் முறத்தில் தானியம் வழுக்கி ஓடுகிறது.

4. ஆக்குவது. தோல் போன கம்பை மறுபடி ஓட்டி, நொய்யையும் மாவையும் சலித்துப் பிரித்தெடுங்கள். ஒரு பங்குக்கு நாலு பங்கு தண்ணீர் கொதிக்கவிட்டு, உப்புப் போட்டு, முதலில் நொய். அது வெந்ததும் பச்சைத் தண்ணீரில் கரைத்த மாவை ஊற்றிக் கிளறி, சிம்மில் மூடிவிடுங்கள். ஈரக்கையால் தொட்டால் ஒட்டாத பதம் வந்ததும் இறக்கி, ஆறியபின் உருண்டை பிடித்துத் தண்ணீரில் போடுங்கள். காலையில் மோர், சின்ன வெங்காயம், மோர்மிளகாய்.

தவிடு. அதை வீணாக்காதீர்கள். கம்பின் முளைப்பகுதியும் எண்ணெயும் அதில் கொஞ்சம் போய்விடுகின்றன, அதனால்தான் கோழி அப்படிப் பாய்ந்து கொத்துகிறது. மாட்டுக்குக் கழனித்தண்ணீரில் கடலைப் புண்ணாக்கோடு கலந்து அன்றைக்கே வையுங்கள். ஈரத்தோடு மூடி வைத்த தவிட்டில் பூஞ்சை பிடிக்கும். அந்தப் பூஞ்சையின் நஞ்சு பாலிலும் இறங்கும்.

சேர்த்தது: மிச்சமான கம்பை ஆட்டுக்கு அப்படியே கொட்டலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். வேண்டாம். பழக்கமில்லாத ஆடு தானியத்தை ஒரேயடியாகத் தின்றால் வயிற்றில் அமிலம் ஏறி, உயிரே போகலாம். ஒரு கைப்பிடியில் தொடங்கிப் பழக்குங்கள்.

இன்னொன்று: கம்பந்தட்டு போலச் சோளப்பயிரையும் இளசாக அறுத்துப் போடலாமா என்று கேட்கிறார்கள். சோளத்தின் இளம்பயிரில், அதுவும் மழையில்லாமல் வாடியதில், சயனைடு நஞ்சு உண்டு. பூவெடுத்த பிறகே அறுங்கள். கம்பில் இந்த நஞ்சு கிடையாது.