முப்பதைக் கடந்த பின் பல்லுக்குக் கிளிப்: முடிவெடுக்கும் முன் செய்ய வேண்டியவை

பள்ளிப் பருவத்தில் வீட்டில் வசதி இல்லாததாலோ யாரும் பொருட்படுத்தாததாலோ கிளிப் போடாமல் விட்டவர்கள், சொந்தச் சம்பாத்தியம் வந்த பிறகு பல் மருத்துவரிடம் போவது இப்போது சாதாரணமாகிவிட்டது. வயதானால் பல் நகராது என்பது தவறான எண்ணம். பல்லின் வேருக்கும் தாடை எலும்புக்கும் இடையில் ஏறக்குறைய 0.2 மி.மீ. தடிமனுள்ள நார்ப்படலம் ஒன்று இருக்கிறது. மெல்லிய விசை தொடர்ந்து செயல்படும்போது, அழுத்தம் விழும் பக்கத்தில் எலும்பு கரைந்தும் இழுபடும் பக்கத்தில் புதிய எலும்பு படிந்தும் வர, பல் மாதத்துக்குச் சுமார் 1 மி.மீ. நகர்கிறது. பெரியவர்களுக்கு இது சற்று மெதுவாகத் தொடங்கலாமே தவிர, 12 வயதிலும் 52 வயதிலும் நடப்பது ஒன்றுதான். வேறுபாடு வேறிடத்தில் இருக்கிறது. பெரியவரின் தாடை வளர்ந்து முடிந்துவிட்டது. அவருடைய ஈறும் எலும்பும் அத்தனை ஆண்டுகளின் தேய்மானத்தையும் தாங்கி நிற்கின்றன. ஆகவே எந்த வகைக் கிளிப் என்பது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. விளம்பரங்களோ அதையே முதலில் கேட்கின்றன.

முதல் வேலை வீட்டிலேயே செய்ய வேண்டியது. உங்களை உறுத்துவது எது என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதிப் பாருங்கள். மேல்வரிசை எடுப்பாக இருப்பதா, தெத்துப்பல்லா, கீழ்ப்பற்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்பதா, முன்பல் இடைவெளியா, அல்லது கடிக்கும்போது மேலும் கீழும் சேராததா? தெத்துப்பல்லை அழகென்று சொல்லும் ஊர் நம்முடையது என்பதால், அது உங்களுக்கே உறுத்துகிறதா, கேலி செய்த ஒருவருக்காகவா என்பதையும் சேர்த்து யோசிக்கலாம். இதை எழுதாமல் போனால், மருத்துவர் தம் கண்ணுக்குப் பட்டதைச் சரிசெய்வார். இரண்டு ஆண்டுகள் கழித்து, நீங்கள் நினைத்தது அதுவல்ல என்று தெரியவரும்.

இன்னொரு கேள்வி இதைவிட முக்கியமானது. பற்கள் சிறு வயதிலிருந்தே இப்படி இருந்தனவா, அண்மையில் மாறினவா? கீழ் முன்பற்கள் வயது ஏற ஏறச் சிறிது நெருக்கியடிப்பது இயல்பு. (ஞானப்பல் தள்ளுவதால்தான் இப்படி ஆகிறது என்று பலர் நம்புகிறார்கள், ஆய்வுகள் அதை ஆதரிக்கவில்லை. நெருக்கடியைத் தடுப்பதற்காக மட்டும் ஞானப்பல்லைப் பிடுங்கச் சொன்னால் காரணம் கேளுங்கள்.) ஆனால் நாற்பதை ஒட்டிய வயதில் மேல் முன்பற்கள் விசிறிபோல் விரிந்து, முன்பு இல்லாத சந்து தெரியத் தொடங்கினால், அது அழகுப் பிரச்சினை அல்ல, ஈறு நோயால் எலும்பு கரைந்து, பற்கள் பிடி தளர்ந்து நகர்வதன் அறிகுறியாக இருக்கலாம். அந்த நிலையில் நோயைத் தணிக்காமல் கிளிப் போட்டு இழுத்தால், மிஞ்சியிருக்கும் எலும்பும் வேகமாகக் கரையும்.

எனவே கிளிப்பைப் பற்றிப் பேசுமுன் ஈறைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். மெல்லிய அளவுகோல் ஒன்றைப் பல்லுக்கும் ஈறுக்கும் இடையே விட்டு ஆழம் பார்ப்பார்கள். 1 முதல் 3 மி.மீ. வரை இருந்தால் கவலையில்லை, அதற்கு மேல் போனால் முதலில் ஈறு சிகிச்சை. இதைச் செய்யாமல் முதல் நாளிலேயே பிராக்கெட் (கம்பியைத் தாங்கப் பல்லில் ஒட்டும் சிறு துண்டு) ஒட்டத் தயாராகும் இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுவது நல்லது. எலும்பு குறைந்தவர்களுக்குக் கிளிப்பே கூடாது என்று பொருளல்ல. நோய் அடங்கி, சுத்தம் கைவந்துவிட்டால், குறைந்த விசையில் பற்களை நகர்த்த முடியும். அதற்குச் சில மாதக் காத்திருப்பு தேவைப்படும், சிகிச்சைக் காலம் முழுவதும் ஈறு மருத்துவரின் கண்காணிப்பும் வேண்டும்.

உடல்நிலை பற்றிய கேள்விகளுக்கு ஒளிவு மறைவின்றிப் பதில் சொல்ல வேண்டும். கட்டுக்குள் இல்லாத சர்க்கரை நோய் ஈறைக் கெடுக்கும் என்பதால், மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி அறிக்கையைக் கையோடு எடுத்துச் செல்லலாம். எலும்பு மெலிவுக்காக அலென்ட்ரோனேட், சோலட்ரோனிக் அமிலம் போன்ற மருந்துகளை எடுப்பவர்கள் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். இவை எலும்பு கரைவதைத் தடுப்பவை ஆதலால் பல் நகர்வதும் தடைபடும், பல் பிடுங்கிய இடம் ஆறாமல் தாடை எலும்பு பாதிக்கப்படும் ஆபத்தும் உண்டு. அந்த ஊசியோ மாத்திரையோ பல ஆண்டுகளுக்கு முன்பே நின்றிருந்தாலும் சொல்லுங்கள். புகை, பாக்கு, புகையிலைப் பழக்கம் இருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

அடுத்தது யாரிடம் போவது என்பது. ஐந்தாண்டு பிடிஎஸ் படிப்புக்கு மேல், பல் சீரமைப்பில் மூன்றாண்டு எம்டிஎஸ் முடித்தவரே ஆர்த்தோடான்டிஸ்ட். நம் ஊர்ச் சிறு மருத்துவமனைகளில் இவர் பெரும்பாலும் வாரத்துக்கு ஒருமுறை அல்லது மாதத்துக்கு இருமுறை வந்துபோகும் ஆலோசகராக இருப்பார். அதில் குற்றமில்லை. ஆனால் திட்டம் தீட்டுபவர் யார், மாதாமாதம் கம்பியை மாற்றுபவர் யார், அவசரத்துக்கு யாரை அழைப்பது, ஆலோசகர் இடையில் நின்றுவிட்டால் என்ன ஏற்பாடு என்ற நான்கையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். செலவு பெரும் தடை என்றால், சென்னை கோட்டை ரயில் நிலையத்துக்கு அருகிலுள்ள தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி போன்ற இடங்களில் முதுகலை மாணவர்கள் பேராசிரியர்களின் மேற்பார்வையில் சிகிச்சை செய்கிறார்கள். நேரம் அதிகம் எடுக்கும். ஆனால் ஒவ்வொரு படியும் ஆசிரியர் கண்ணில் பட்டே நகரும் என்பது சில தனியார் இடங்களில் கிடைக்காத பாதுகாப்பு.

திட்டம் தீட்ட வாய் முழுவதையும் காட்டும் ஓ.பி.ஜி. படம், பக்கவாட்டுத் தலை எக்ஸ்ரே, புகைப்படங்கள், பற்களின் அச்சு அல்லது ஸ்கேன் ஆகியவை தேவை. இவை இல்லாமல் சொல்லப்படும் கால அளவையும் கட்டணத்தையும் ஊகமாகவே கொள்ளுங்கள். பெரியவர்களுக்கு இங்கேதான் கடினமான பேச்சு வரும். வளரும் பிள்ளையின் தாடையை ஓரளவு திருப்பலாம். உங்களுடையதைத் திருப்ப முடியாது. எடுப்புக்குக் காரணம் பல்லா, தாடையா என்று கேளுங்கள். தாடை என்றால் வழிகள் இரண்டு: பற்களை மட்டும் பின்னுக்கு இழுத்துக் குறையை மறைப்பது, அல்லது கிளிப்போடு தாடை அறுவை சிகிச்சையும் செய்வது. முதல் வழிக்குப் பெரும்பாலும் இரண்டு அல்லது நான்கு முன்கடைவாய்ப் பற்களை எடுக்க நேரிடும். மேல்பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போய்விடும் என்று வீட்டுப் பெரியவர்கள் தடுப்பார்கள். கண்ணுக்கும் பல் வேருக்கும் அப்படி ஒரு தொடர்பும் கிடையாது. கேட்க வேண்டிய கேள்வி வேறு: பற்கள் பின்னே போனால் உதடும் எவ்வளவு உள்ளே போகும், என் முகத்துக்கு அது பொருந்துமா? வயது கூடக் கூட உதடு தானே மெலியும் என்பதால், இளம் வயதினருக்கு அழகு தரும் அளவு உங்களுக்கு முகம் ஒட்டியதுபோல் காட்டக்கூடும்.

ஏற்கெனவே சிகிச்சை செய்த பற்கள் இருந்தால், எதை முதலில் செய்வது என்பது முக்கியம். வேர் சிகிச்சை செய்த பல் பொதுவாக நகரும். இம்ப்ளாண்ட் (தாடை எலும்பில் பதிக்கும் செயற்கைப் பல் வேர்) நகரவே நகராது, ஏனெனில் அது எலும்போடு நேரடியாக ஒட்டியிருக்கிறது. ஆகவே புதிதாக இம்ப்ளாண்ட் வைக்க எண்ணியிருந்தால் சீரமைப்பு முடியும்வரை பொறுங்கள். நெருக்கமான முன்பற்கள் நேரானதும் ஈறுக்கு மேலே முக்கோண வடிவக் கருஞ்சந்துகள் தெரிவது பெரியவர்களிடம் அடிக்கடி நேர்வது. முன்பே அறிந்திருந்தால் அதிர்ச்சி இராது. பற்களின் பக்கங்களை மிக மெல்லிதாகத் தேய்த்து அதை ஓரளவு குறைப்பார்கள். வேர் முனை சற்றே கரைந்து குட்டையாவது இன்னொரு பக்க விளைவு. பெரும்பாலோருக்கு இது சிறிதே என்றாலும், நடுவில் ஒருமுறை எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பீர்களா என்று கேட்டுவையுங்கள்.

இவையெல்லாம் தெளிந்த பின் கிளிப் வகைக்கு வரலாம். உலோகக் கிளிப் விலை குறைந்தது, எல்லா வகைக் கோணலுக்கும் ஈடுகொடுக்கும். பல் நிறத்துச் செராமிக் சற்றுப் பருமன். அதைக் கட்டும் நிறமற்ற ரப்பர் வளையங்கள் மஞ்சள் போட்ட நம் சாம்பாரிலும் மீன் குழம்பிலும் இரண்டே நாளில் மஞ்சளாகிவிடும். கழற்றி மாட்டும் ஒளிபுகும் பிளாஸ்டிக் உறையான அலைனர், நாளுக்கு 20 முதல் 22 மணி நேரம் அணிபவருக்கே பலன் தரும். மணிக்கொரு முறை தேநீரும் இடைத்தீனியும் வேண்டுவோர் தம்மையே நேர்மையாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். மருத்துவர் வாயைப் பார்க்காமல் தபாலில் அச்செடுத்து அலைனர் அனுப்பும் திட்டங்களை நான் பரிந்துரைக்க மாட்டேன். அமெரிக்காவின் ஸ்மைல் டைரக்ட் கிளப் 2023 டிசம்பரில் மூடப்பட்டபோது, பாதிச் சிகிச்சையில் இருந்தவர்கள் கேட்க நாதியின்றி நின்றார்கள்.

கட்டணத்தை எழுத்தில் வாங்குங்கள். எக்ஸ்ரே, பல் எடுத்தல், சுத்தம் செய்தல், உடைந்த பிராக்கெட், கூடுதல் அலைனர், இறுதியில் பற்கள் திரும்பாமல் பிடித்துவைக்கத் தரும் ரிட்டெய்னர் ஆகியவை உள்ளடங்கியவையா என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். கடைசியாகச் சொன்னதுதான் பெரும்பாலும் விட்டுப்போவது. நாள் கணக்கையும் கேளுங்கள்: முழுச் சிகிச்சைக்கு 18 முதல் 24 மாதங்கள் ஆகலாம். ஆறு மாதத்தில் திருமணம் என்று வருவோர், மேடையில் கம்பியோடு நிற்பதா, திருமணம் முடிந்து தொடங்குவதா என்பதைத் தொடங்குமுன்பே முடிவுசெய்ய வேண்டும். பாதியில் கழற்றி மறுபடி ஒட்டுவது பணத்துக்கும் பல்லின் எனாமலுக்கும் நட்டம். ஒட்டிய கிளிப் இருக்கும்வரை முறுக்கு, சீடை, கடலைமிட்டாய், கரும்பு கிடையாது. கம்பி இறுக்கிய முதல் சில நாள் வலிக்குப் பாராசிட்டமால் பொருத்தம். ஐபுபுரூஃபன் வகை மாத்திரைகளைத் தொடர்ந்து எடுத்தால் பல் நகர்வு மந்தமாகலாம்.

கிளிப்பைக் கழற்றும் நாளில் பாதி வேலைதான் முடிந்திருக்கும். பற்கள் பழைய இடத்துக்குத் திரும்பவே முயலும். பெரியவர்களைப் பொறுத்தவரை, பல் வரிசை வேண்டும் காலம் முழுதும் இரவில் ரிட்டெய்னர் அணிய வேண்டும் என்று கொள்வதே நடைமுறை. சிலருக்கு முன்பற்களின் உட்புறம் மெல்லிய கம்பியை நிரந்தரமாக ஒட்டுவார்கள்; அது ஒரு பக்கம் விட்டுப்போனால் பல பேருக்குத் தெரியாது, ஆகவே வருடாந்திரப் பரிசோதனையில் அதைப் பார்க்கச் சொல்லுங்கள். கழற்றும் வகை என்றால் இரண்டு செட் வாங்குங்கள். வெந்நீரில் கழுவினால் வளைந்துவிடும். பந்தியில் உட்காரும்போது கழற்றினால் டப்பாவிலேயே போடுங்கள். இலை ஓரத்தில் வைத்த ரிட்டெய்னர் இலையோடு மடிந்து குப்பைக்குப் போய்விடும்.