சொந்தக் காசில் சிறுதொழில்: வழிகாட்டி ஒருவரைத் தேடிக்கொள்வது எப்படி?

கடன் எடுத்துத் தொழில் தொடங்குபவரிடம் வங்கி அதிகாரியாவது கணக்குக் கேட்பார். சேமிப்பையும் சீட்டுக்காசையும் போட்டுத் தொடங்குபவரிடம் கேட்பதற்கு ஒருவரும் இல்லாததால், பிழை எங்கே நடக்கிறது என்பது போட்ட முதல் கரைந்த பிறகே தெரியவருகிறது. திருகோணமலையில் அவ்வாறு தொடங்கியிருப்பவர்கள், கணக்குக் கேட்கக்கூடிய ஒருவரைத் தேடிக்கொள்ளும் வழியை இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

படி 1: கொப்பி

ஒரு மாதத்துக்கு, வாங்கியதையும் விற்றதையும் நாளாந்தம் எழுதுங்கள். இந்தப் படியில் அவசரப்பட வேண்டாம். நான் மிளகாய்த்தூள் அடைத்து விற்கத் தொடங்கியபோது, ஒரு கிலோ செத்தல் மிளகாயில் 100 கிராம் பக்கற்றுகள் பத்துக் கிடைக்கும் என்று எண்ணியே விலை போட்டிருந்தேன். காம்பு நீக்கி, வெயிலில் காயவைத்து, ஆலையில் அரைத்து எடுத்தால் ஒன்பது பக்கற்றுக்கே தூள் போதவில்லை. பை, ஒட்டுத்தாள், ஆலைக்கூலி, ஆட்டோக்கூலி எல்லாவற்றையும் எழுதிவைத்திருந்தும், குறைந்துபோன அந்த நிறை மூன்று மாதமாக என் கண்ணில் படவில்லை. கொப்பியைப் புரட்டிப் பார்த்த கடைக்கார அண்ணர் ஒருவர் ஐந்து நிமிடத்தில் அதைச் சுட்டிக்காட்டினார்.

படி 2: ஒரே ஒரு கேள்வி

"எனக்குத் தொழில் சொல்லித் தாருங்கள்" என்று போய் நின்றால், கேட்பவருக்கும் எங்கே தொடங்குவதென்று விளங்காது. "இந்த விலைக்குக் கடைக்குக் கொடுத்தால் கட்டுப்படியாகுமா?" என்று கொப்பியைத் திறந்து வைத்துக் கேளுங்கள்.

படி 3: பிரதேச செயலகம்

மாவட்டத்தில் 11 பிரதேச செயலகங்கள் உள்ளன. உங்கள் பிரிவுக்குரியதற்குச் செல்லுங்கள். சிறுதொழில் முயற்சி அபிவிருத்தி உத்தியோகத்தரையும், சிறுதொழிலுக்கான தொழில்நுட்பம் சொல்லித்தரும் விதாதா வள நிலையத்தையும் விசாரியுங்கள். தொழிற்பெயர்ப் பதிவையும் அங்கேயே கேட்டறியலாம். 2006ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான தேசிய தொழில்முயற்சி அபிவிருத்தி அதிகார சபையின் பயிற்சிகளைப் பற்றியும் கேளுங்கள். உத்தியோகத்தர்கள் வெளிக்களத்துக்குச் செல்பவர்கள் என்பதால், பொதுமக்கள் தினத்தை அறிந்து போவது நல்லது. உணவுப் பொருளாயின், பொதுச் சுகாதாரப் பரிசோதகர் உங்களைத் தேடி வருமுன் நீங்களே அவரிடம் போய் ஆலோசனை கேளுங்கள்.

படி 4: அனுபவசாலி

உங்கள் பொருளையே உங்கள் ஊரில் விற்பவரிடம் போகாதீர்கள். அது இருவருக்கும் சங்கடம். நகரில் மிளகாய்த்தூள் விற்பவர், கிண்ணியாவில் தயிர் போடும் ஒருவரிடம் கேட்கலாம். விற்காமல் மிஞ்சிய முட்டியின் நட்டத்தை யார் ஏற்பது, கடனுக்கு எடுத்த கடையிடம் முகம் முறியாமல் எப்படிக் காசு வாங்குவது என்பதெல்லாம் அவருக்குத் தண்ணீர்பட்ட பாடு. வியாபாரம் சூடுபிடித்திருக்கும் நேரத்தைத் தவிர்த்து, அரை மணி நேரத்துக்கு மேல் எடுக்காமல் பேசுங்கள். அந்தச் சந்திப்பில் பணம் கேட்கவே வேண்டாம். கேட்டால் பேச்சு அதோடு நின்றுவிடும்.

கோணேசபுரியில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழகத் திருகோணமலை வளாகத்தில் வணிகக் கற்கைகளுக்கும் பீடம் இருக்கிறது. கணக்கு முறையில் ஐயம் உள்ளவர்கள் அங்குள்ள விரிவுரையாளருக்குக் கடிதம் எழுதிக் கேட்டுப் பார்க்கலாம்.

படி 5: இரண்டாம் சந்திப்பு

சொன்னதைச் செய்து பார்த்து, ஒரு மாதத்துக்குள் திரும்பப் போங்கள். நான் இரண்டாம் முறை போனபோது, திருத்திய விலை ஒட்டிய பக்கற்றையும் அந்த மாதக் கணக்கையும் கொண்டுபோனேன். அண்ணர் பக்கற்றை அமத்திப் பார்த்து, "தையல் வாயால காத்துப் போகுது, தங்கச்சி" என்றார். அடுத்த மாதத்துக்கான கேள்வி அதுவாயிற்று.