குஜராத்தி ஜி.சி.எஸ்.இ.: பிரிட்டனுக்குப் புதிதாக வந்த தமிழ்ப் பெற்றோருக்கு

ஹாரோ, வெம்பிளி, லெஸ்டர் பகுதிகளில் குடியேறும் தமிழ்க் குடும்பங்களுக்குப் பெரும்பாலும் அக்கம்பக்கத்தார் குஜராத்திகள்தான். 1972இல் உகாண்டாவிலிருந்து விரட்டப்பட்டு வந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அவர்களில் நிறையப் பேர். உங்கள் பிள்ளை 9ஆம் ஆண்டுக்கு (13, 14 வயது) வரும்போது பாடங்களைத் தேர்ந்தெடுக்கப் பள்ளியிலிருந்து வரும் படிவத்தில், பிரெஞ்சு, ஸ்பானிஷுடன் குஜராத்தியும் இருக்கலாம். தமிழ் இருக்காது, ஜி.சி.எஸ்.இ. (இங்கே பிள்ளைகள் 16 வயதில் எழுதும் பள்ளிப் பொதுத்தேர்வு) உள்ள மொழிகளில் தமிழ் இன்னும் சேரவில்லை. நமக்கெதற்குக் குஜராத்தி என்று உடனே தள்ளிவிடாதீர்கள்.

அகமதாபாத், சூரத், வடோதரா என்று வேலை நிமித்தம் சில ஆண்டுகள் இருந்துவிட்டு இங்கு வந்தவர்களுக்குத்தான் இதை முக்கியமாகச் சொல்கிறேன். அங்கே பள்ளியில் குஜராத்தி எழுதப் படிக்கக் கற்ற பிள்ளைக்கு இங்கே ஒரு முழுப் பாடம் பாதி கைவசம் இருக்கிறது. ஆங்கில இலக்கியத்தோடும் வரலாற்றோடும் திணறும் புதிய பிள்ளைக்கு அது எவ்வளவு தெம்பு தரும் என்று பெற்றோர் பலர் யோசிப்பதே இல்லை. அந்த மொழியை மறக்க விடுவது பெரிய இழப்பு.

ஆனால் பேசத் தெரிந்தால் போதும் என்று நினைத்துவிட வேண்டாம். பியர்சன் எட்எக்செல் என்ற தேர்வு வாரியம் நடத்தும் இந்தத் தேர்வில் கேட்டல், பேசுதல், படித்தல், எழுதுதல் என நான்கு தாள்கள். ஒவ்வொன்றுக்கும் 25 விழுக்காடு. சரளமாகப் பேசும் பிள்ளைகள் மதிப்பெண் இழப்பது ஆங்கிலத்தில்தான். கேட்டல், படித்தல் தாள்களில் பல கேள்விகள் ஆங்கிலத்தில் வரும். குஜராத்திப் பத்தியை ஆங்கிலத்தில் மொழிபெயர்க்க வேண்டும். எழுத்துத் தாளில் அதன் மறுதலையும் உண்டு. அகராதிக்கு அனுமதி இல்லை. ஆகவே பயிற்சியை மொழிபெயர்ப்பிலிருந்து தொடங்குங்கள்.

இன்னொன்று: தேர்வு இரண்டு நிலைகளில் நடக்கிறது. தரம் 1 முதல் 9 வரை, 9தான் உச்சம். கீழ்நிலையில் (Foundation) எழுதினால் எவ்வளவு நன்றாக எழுதினாலும் 5க்கு மேல் தர மாட்டார்கள். மேல்நிலையில்தான் (Higher) 9 வரை போகலாம். நான்கு தாள்களையும் ஒரே நிலையில்தான் எழுத வேண்டும். பிள்ளையின் ஆங்கிலத்தை மட்டும் பார்த்துக் கீழ்நிலையில் போட்டுவிடாமல், பழைய வினாத்தாள் ஒன்றை எழுதவைத்துப் பார்த்து முடிவெடுக்கும்படி ஆசிரியரிடம் கேளுங்கள். கேட்பதில் தயக்கம் வேண்டாம். 2015இல் ஓ.சி.ஆர். என்ற தேர்வு வாரியம் குஜராத்தி உள்ளிட்ட பல மொழித் தேர்வுகளைக் கைவிடப்போவதாக அறிவித்தபோது, அந்தந்தச் சமூகத்தினர் குரல் கொடுத்த பிறகே குஜராத்தி உட்பட அவற்றில் பல தப்பின.

குஜராத்தியே தெரியாத பிள்ளை புதிதாக எடுக்கலாமா? வகுப்பில் உடன் இருப்பவர்களில் பெரும்பாலோர் வீட்டில் அதைப் பேசிக்கொண்டே வளர்ந்தவர்கள். வாய்விட்டுப் பேசிப் பழக ஒரு நண்பன் வீடாவது இல்லாவிட்டால், எல்லோரும் அரிச்சுவடியிலிருந்து தொடங்கும் ஸ்பானிஷே நல்லது என்பது என் கருத்து. ஆர்வமுள்ள பிள்ளையைத் தடுக்கவும் மாட்டேன். வினை கடைசியில் வரும் வாக்கிய அமைப்பு நமக்குப் பழகியதுதான். நாங்கள் என்பதற்கு 'அமே', நாம் என்பதற்கு 'ஆப்ணே' என்று நம்மைப் போலவே இரண்டு சொற்கள். இந்தியில் இந்த வசதி இல்லை. தடுமாற வைப்பது எழுத்தும் பாலும். நாம் ஒரு 'க'வில் முடித்துக்கொள்ளும் இடத்தில் அங்கே நான்கு எழுத்துகள். உயிரற்ற பொருள்களுக்கும் ஆண், பெண், பொது என மூன்று பால். நல்ல நாற்காலி 'சாரி', நல்ல வீடு 'சாரும்' என்று அடைமொழியும் கூடவே மாறும். மதுரை, பரமக்குடிப் பக்கத்துச் சௌராஷ்டிரக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு வீட்டுமொழியே இதற்கு உறவு என்பதால் காது விரைவில் பழகும்.

பள்ளியில் குஜராத்திப் பாடமே இல்லையென்றால், கோயில்களும் சமூக அமைப்புகளும் நடத்தும் வார இறுதி வகுப்புகளை விசாரியுங்கள். வகுப்பு வெளியே நடந்தாலும் தேர்வுக்குப் பதிவு செய்யப் பள்ளியோ வேறொரு தேர்வு மையமோ ஒப்புக்கொள்ள வேண்டும். பேச்சுத் தேர்வை நடத்தக் குஜராத்தி தெரிந்த ஒருவரை அவர்கள்தான் ஏற்பாடு செய்தாக வேண்டும் என்பதால் பல பள்ளிகள் இழுத்தடிக்கும். கோடைத் தேர்வுக்கான பதிவு வழக்கமாகப் பிப்ரவரியில் முடிந்துவிடும். செப்டம்பரில் பள்ளி திறந்ததுமே தேர்வு அலுவலருக்கு எழுத்து மூலம் கேட்டுவிடுங்கள்.