காந்தப்பொருள் ஆய்வாளரின் மேற்கோள் எண்ணிக்கை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

காந்தப்பொருள் இயற்பியலில் ஒருவரின் ஆய்வு வாழ்க்கையை மதிப்பிட அமரும் தேர்வுக் குழுவினரும், முனைவர் பட்டத்துக்கு நெறியாளரைத் தேடும் மாணவரும் இன்று முதலில் பார்ப்பது மேற்கோள் எண்ணிக்கையைத்தான், அதாவது அவருடைய கட்டுரைகளைப் பிறர் தம் கட்டுரைகளில் எத்தனை முறை சுட்டியிருக்கிறார்கள் என்பதைத்தான். அந்த எண் பயனுள்ளது. ஆனால் அது எந்தக் கட்டுரைக்கு, எப்போது, எதற்காகக் கிடைத்தது என்று திறந்து பாராமல் முடிவெடுப்பதிலிருந்துதான் கீழே சொல்லப்படும் தவறுகள் எல்லாம் கிளைக்கின்றன.

மிகப் பரவலான தவறு, இயற்பியலாளர் ஹோர்ஹே ஹிர்ஷ் 2005இல் முன்வைத்த எச்-குறியீட்டைத் தரத்துக்கான மதிப்பெண்ணாகக் கொள்வது. தலா 20 முறையாவது மேற்கோள் காட்டப்பட்ட 20 கட்டுரைகள் ஒருவருக்கு இருந்தால் அவருடைய எச்-குறியீடு 20 ஆகும். ஐந்தே கட்டுரைகள் எழுதிய ஒருவரின் கட்டுரையொன்று பத்தாயிரம் மேற்கோள்களைப் பெற்றாலும் அவருடைய குறியீடு ஐந்தைத் தாண்டாது. துறையின் போக்கையே மாற்றிய ஒற்றைக் கட்டுரை இந்தக் கணக்கில் காணாமல் போய்விடும்.

ஆசிரியர் வரிசையைக் கொண்டு பங்களிப்பை முடிவுசெய்வது இதைவிட ஆபத்தானது என்பேன். பாரிஸுக்கு அருகே ஓர்சேயில் ஆல்பர் ஃபெர் குழுவும், ஜெர்மனியின் யூலிஷில் பீட்டர் க்ரூன்பெர்க் குழுவும், இரும்பையும் குரோமியத்தையும் மாறிமாறி அடுக்கிய மெல்லிய படலங்களில் காந்தப்புலம் செலுத்தினால் மின்தடை குறைவதைத் தனித்தனியே கண்டறிந்தன. ஃபெர் குழுவின் பல்லடுக்குப் படலத்தில் 4.2 கெல்வினில் (சுமார் −269 டிகிரி செல்சியஸ்) மின்தடை ஏறத்தாழப் பாதியானது. க்ரூன்பெர்க் குழுவின் மூவடுக்குப் படலத்தில் அறை வெப்பநிலையில் காணப்பட்ட மாற்றம் சுமார் 1.5 விழுக்காடு. மாபெரும் காந்தமின்தடை எனப்படும் இந்த விளைவுக்காக இருவரும் 2007இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். ஆனால் 1988இல் வெளியான ஓர்சே கட்டுரையின் முதல் ஆசிரியர் பைபிச். ஒன்பது பேரில் ஃபெர் மூன்றாமவர். 1989இல் வெளியான யூலிஷ் கட்டுரையிலும் க்ரூன்பெர்க்கின் பெயர் இரண்டாவதாகத்தான் வருகிறது. முதல் ஆசிரியராக உள்ள கட்டுரைகளை மட்டும் எண்ணும் விதி இருந்திருந்தால், இருவருக்கும் நோபல் பெற்றுத் தந்த கட்டுரைகளே கணக்கிலிருந்து விழுந்திருக்கும். அண்மைய ஐந்தாண்டுகளை மட்டும் பார்ப்பதும் இதே வகைப் பிழைதான். ஏனெனில் இந்த விளைவுக்கு அடித்தளமான, ஸ்பின்னைப் (எலக்ட்ரானைச் சிறு காந்தம்போல் ஆக்கும் அதன் உள்ளார்ந்த பண்பு) பொறுத்து மாறும் மின்கடத்தலைப் பற்றி ஃபெர் 1960களின் பிற்பகுதியிலிருந்தே ஆராய்ந்துவந்தார். படலத்தை வளர்த்தவர், அளந்தவர், கோட்பாட்டைத் தந்தவர் என்று பல கைகள் சேரும் துறை இது. ஆகவே கட்டுரையின் இறுதியில் பங்களிப்புக் குறிப்பு இருந்தால் அதைப் படித்தே ஆகவேண்டும்.

காப்புரிமைகளை ஒதுக்கிவிடுவதும் தவறு. க்ரூன்பெர்க் 1988இலேயே காப்புரிமைக்கு விண்ணப்பித்திருந்தார். 1997இல் ஐபிஎம் நிறுவனம் இந்த விளைவில் இயங்கும் வாசிப்பு முனையுடன் வன்தட்டுகளைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. மின்சாரக் கார்களின் மோட்டார்களில் இருக்கும் நியோடிமியம் காந்தத்தை உருவாக்கியவர்களுள் ஒருவரான ஜப்பானின் மசாத்தோ சகாவாவின் தாக்கமும் பெருமளவு தொழிற்சாலைகளில்தான் இருக்கிறது. மோட்டார் செய்பவர் யாருடைய கட்டுரைக்கும் மேற்கோள் எழுதுவதில்லை.

குறுகிய கால எண்ணிக்கையை இறுதித் தீர்ப்பாகக் கொள்ளவும் கூடாது. மின்னோட்டம் பாயும் பொருளின் எதிரெதிர் விளிம்புகளில் எதிரெதிர் ஸ்பின் கொண்ட எலக்ட்ரான்கள் சேரும் என்று லெனின்கிராடின் தியாகொனோவும் பெரெலும் 1971இல் கணித்தார்கள். அதே கருத்தை 1999இல் மீண்டும் முன்வைத்து அதற்கு ஸ்பின் ஹால் விளைவு என்று பெயரிட்டவர், எச்-குறியீட்டைத் தந்த அதே ஹிர்ஷ். குறைகடத்திகளில் அது சோதனையில் தென்பட்டது 2004இல்தான். முதல் பத்தாண்டின் மேற்கோள்களை மட்டும் எண்ணிய ஒருவருக்கு 1971ஆம் ஆண்டுக் கட்டுரையின் எடை தெரிந்திருக்க வழியே இல்லை.

வெவ்வேறு மேற்கோள் தரவுத்தளங்களான கூகுள் ஸ்காலரின் எண்ணை ஸ்கோபஸ் எண்ணோடு ஒப்பிடுவது, பிறருடைய ஆய்வுகளைத் தொகுத்துச் சொல்லும் மீள்பார்வைக் கட்டுரைக்குக் குவியும் மேற்கோள்களைக் கண்டுபிடிப்புக்கு உரியவையாகக் கருதுவது ஆகியவையும் வேண்டாம்.

பழைய ஆய்வாளர்களைத் தேடும்போது கூடுதல் கவனம் தேவை. வத்திராயிருப்பில் 1898இல் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன், ராமனுடன் செய்த ஒளிச்சிதறல் ஆய்வுக்காகவே பெரும்பாலும் நினைக்கப்படுகிறார். ஆனால் டாக்காவிலும் கொல்கத்தாவிலும் அவர் ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தது படிகங்களின் காந்தப் பண்பில் திசைக்குத் திசை உள்ள வேறுபாட்டைத்தான். மெல்லிய குவார்ட்ஸ் இழையில் படிகத்தைக் காந்தப்புலத்தில் தொங்கவிட்டு, இழையின் மேல்முனையைச் சிறிதுசிறிதாக முறுக்கிக்கொண்டே போனால், ஒரு குறிப்பிட்ட கோணத்தில் படிகம் சட்டென்று திரும்பிவிடும்; அந்தக் கோணத்திலிருந்து காந்த வேறுபாட்டின் அளவைக் கணக்கிடலாம். இம்முறையைப் பாடநூலிலிருந்து கற்றவர் பாடநூலைத்தான் மேற்கோள் காட்டுவார். பழைய கட்டுரைகளின் மேற்கோள் பட்டியல்கள் எல்லாத் தரவுத்தளங்களிலும் முழுமையாக ஏறியிருக்கவும் இல்லை. மேலும், தலைப்பெழுத்தும் கிருஷ்ணன் என்ற பெயரும் மட்டும் இருந்தால் வேறு பலருடைய கட்டுரைகளும் அதே பெயரின் கீழ் வந்து சேர்கின்றன. எனவே இதழின் பெயர், ஆண்டு, இணையாசிரியர் ஆகிய மூன்றையும் சேர்த்தே தேட வேண்டும். குஹா, பானர்ஜி ஆகியோருடன் 1933இல் லண்டன் ராயல் சொசைட்டியின் ஆய்விதழில் எழுதிய கட்டுரையிலிருந்து தொடங்கலாம்.