தஞ்சைக் காற்றை அளப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காற்று மாசு டெல்லிக்காரர்களின் கவலை, வயல் சூழ்ந்த தஞ்சாவூருக்கும் கும்பகோணத்துக்கும் அதில் என்ன வேலை என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். புகை தெரிந்தால்தான் மாசு என்ற நினைப்பே இதற்குக் காரணம். வயலில் விசிறும் யூரியாவிலிருந்து அம்மோனியா ஆவியாகிறது. வாகனப் புகையும் நிலக்கரிப் புகையும் காற்றில் அமிலங்களாக மாறுகின்றன. இரண்டும் சேர்ந்து, எந்தப் புகைபோக்கியிலிருந்தும் வராத நுண்துகள்களை வானத்திலேயே உண்டாக்குகின்றன. பச்சை வயல் இதற்கு வேலி ஆகாது.

அடுத்தது, எல்லாத் தூசியையும் ஒரே கணக்கில் எழுதுவது. கொள்முதல் நிலையத்தில் நெல் தூற்றும்போது பறப்பது பெரும்பாலும் பருமனான தூசி. மூக்கையும் தொண்டையையும் வாட்டும். மூட்டை தூக்குபவர்களுக்கு இளைப்பும் கொண்டுவரும். ஆனால் தாளடி நடவுக்கு அவசரப்பட்டுச் சிலர் வயலில் தாளைக் கொளுத்தும்போது எழும் புகை வேறு வகை. அதில் பெரும்பகுதி 2.5 மைக்ரோமீட்டருக்கும் (ஒரு மைக்ரோமீட்டர் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) குறைவான நுண்துகள்கள். அவை நுரையீரலின் காற்றறைகள் வரை போகின்றன. மாரடைப்புக்கும் பக்கவாதத்துக்கும் வழி வைக்கின்றன. 10 மைக்ரோமீட்டர் வரையிலான துகள்களையெல்லாம் சேர்த்துச் சொல்லும் பி.எம். 10 அளவை மட்டும் வைத்துக்கொண்டு இதயநோய் பற்றி முடிவு சொல்லக் கூடாது.

டெல்டாவில் அதிகம் ஏமாற்றுவது மார்கழி விடியல்தான். கல்லூரி மாணவர்களும் தன்னார்வலர்களும் வாங்கும் விலை குறைந்த உணரிகள் (சென்சார்கள்) துகளை எடை போடுவதில்லை. துகளில் பட்டுச் சிதறும் ஒளியை வைத்து எடையை ஊகிக்கின்றன. ஈரப்பதம் ஏறியதும் துகள்கள் நீரை உறிஞ்சிப் பருக்கின்றன. பனித்துளியையே துகளென்று எண்ணிவிடும் கருவிகளும் உண்டு. காவிரிக் கரையில் பனி மூடிய காலையில் உணரி காட்டும் பெரிய எண்ணில் கொஞ்சம் வெறும் தண்ணீர். தரமான நிலையங்களில் காற்றை உலர்த்திய பிறகு அளக்கிறார்கள், அல்லது துகள் படிந்த வடிதாளைக் கட்டுப்படுத்திய ஈரப்பதத்தில் வைத்து எடை போடுகிறார்கள்.

அதற்காக விடியற்காலை அளவுகளையெல்லாம் தூக்கி எறிவது இன்னொரு தவறு. குளிர்ந்த காற்று தரையோடு படிந்து, மேலே வெப்பக் காற்று மூடிபோல் நிற்கும் நேரம் அது. அடுப்புப் புகையும் குப்பை எரித்த புகையும் கலைய வழியில்லாமல் உண்மையாகவே தங்குகின்றன. எவ்வளவு நீர், எவ்வளவு புகை என்று பிரிக்க ஒரே வழிதான்: உணரியைத் தரமான கருவியின் பக்கத்தில் மார்கழியிலும் சித்திரையிலும் சில வாரங்கள் ஓட்டி, ஈரப்பதத்தையும் கூடவே குறித்து, திருத்தம் கண்டுபிடிப்பது. பொறுமை இல்லாதவர்கள் இந்த ஆராய்ச்சிக்கு வராமல் இருப்பது நல்லது.

கைபேசிச் செயலி காட்டும் எண்ணை அப்படியே எழுதிவிடுபவர்களும் உண்டு. நிலையமே இல்லாத ஊருக்குச் செயலி தரும் எண் பெரும்பாலும் செயற்கைக்கோள், கணினி மாதிரி ஆகியவற்றின் மதிப்பீடு. அதோடு, செயலி காட்டும் காற்றுத் தரக் குறியீடு (ஏ.க்யூ.ஐ.) என்பது மைக்ரோகிராம் அல்ல. ஒரு கன மீட்டரில் 60 மைக்ரோகிராம் நுண்துகள் இருந்தால் இந்தியக் கணக்கில் குறியீடு 100, 'திருப்திகரம்'. அதே காற்று அமெரிக்கக் கணக்கில் 150ஐத் தாண்டி 'நலக்கேடு' ஆகிவிடும். எந்த அளவுகோல் என்று சொல்லாத எண்ணுக்கு மதிப்பில்லை.

போகிக் காலையில் ஒரு மணி நேரம் அளந்துவிட்டு, உலக சுகாதார நிறுவனம் 2021இல் நுண்துகளுக்குச் சொன்ன ஆண்டுச் சராசரி வரம்பான 5 மைக்ரோகிராமோடு ஒப்பிட்டு இத்தனை மடங்கு என்று தலைப்புப் போடுவதும் வழக்கமாகிவிட்டது. ஒரு நாள் முழுதும் அளந்த சராசரியை நாள் வரம்போடுதான் ஒப்பிட வேண்டும்: அந்த நிறுவனத்துக்கு 15, இந்தியாவுக்கு 60.

போகிக்கு மறுநாள் மருத்துவமனையில் இளைப்புக் கூட்டம் கூடினால் பழி முழுவதும் புகைக்கே போகிறது. அது குளிர்காலம், சளிக் காய்ச்சல் பரவும் காலமும்கூட. 1993இல் வெளியான அமெரிக்க ஆறு நகர ஆய்வு, 8,111 பேரைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து, புகைப் பழக்கத்தையும் கணக்கில் எடுத்த பிறகே, நுண்துகள் கூடிய நகரங்களில் இறப்பும் கூடுதல் என்று சொன்னது. அதற்காகப் புகைக்குப் பங்கே இல்லை என்று எதிர்த்திசைக்கும் ஓட வேண்டாம். புற்றுநோய் ஆராய்ச்சிக்கான பன்னாட்டு முகமை 2013இலேயே வெளிக்காற்று மாசை உறுதியான புற்றுநோய்க் காரணி என்று வகைப்படுத்திவிட்டது.

கடைசியாக, மாடியில் கருவியை வைத்துவிட்டு ஊரே அந்தக் காற்றைத்தான் சுவாசிக்கிறது என்று நம்புவது. விறகடுப்பின் முன் சமைக்கும் பெண், கொசுவத்தி எரியும் அறையில் தூங்கும் குழந்தை, உமி எரியும் கொதிகலன் பக்கம் நிற்கும் ஆலைத் தொழிலாளி ஆகியோரின் மூச்சு அந்த எண்ணில் இல்லை. ஆய்வுக்குப் பணம் குறைவு என்றால் மாடிக் கருவியில் ஒன்றைக் குறைத்து, சமையலறையில் ஒன்றை வையுங்கள்.